கண்ணாடிக்கும் பிரெயிலுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைகளுக்காக ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தில் பள்ளிக் கல்விக்கும், மாற்றுத்திறனாளிகள் நலத்துக்கும், பள்ளிப் பிள்ளைகளின் கண் நலத்துக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

கண்ணாடி போட்டாலும் தெளிவாகத் தெரியாத குறைபார்வை உள்ள என் மகளுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கான முகாமில் பிரெயில் ஸ்லேட்டும் (விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தை எழுதுகிற பலகை) ஒரு மடக்குக் கோலும் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அவள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அச்சுப் புத்தகத்தில்தான் படிக்கிறாள், பேனா பிடித்துத்தான் எழுதுகிறாள். கடைக்குத் தனியாகப் போய்ச் சாமான் வாங்கி, மீதிச் சில்லறையும் சரிபார்த்துக் கொண்டு வருகிறாள். நாங்கள் கேட்டது இரண்டே பொருள்: கரும்பலகையைப் பார்க்க ஒரு சிறிய கைத் தொலைநோக்கி, சின்ன எழுத்தைப் படிக்க ஒரு லென்ஸ். "அதெல்லாம் லிஸ்ட்ல இல்லம்மா" என்று முகாமில் சொன்னார்கள். அதோடு நிற்காமல், அவளுடைய படிவத்தில் கண்ணாடியால் பயனில்லை, சிறப்புப் பள்ளிக்கு மாற்றலாம் என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். இப்போது அந்த ஒரு வரியைக் காட்டி, டி.சி. எப்போது வாங்கப் போகிறீர்கள் என்று பள்ளியில் கேட்கிறார்கள். இதை வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது.

முகாமில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. காலையிலிருந்து கூட்டம், ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம்தான், கொடுத்தனுப்பிய பெட்டியில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அவர்களால் தர முடியும். அதே முகாமில் காது கேட்காத பிள்ளைக்குக் காதைப் பரிசோதித்துத்தான் கருவி எழுதினார்கள், காலைத் தாங்கும் காலிபர் வேண்டிய பையனின் காலை டேப் வைத்து அளந்தார்கள். கண்ணுக்கு மட்டும் எந்த அளவும் இல்லை. அட்டையில் பார்வைக் குறைபாடு என்று கண்டால் போதும், ஊருக்கெல்லாம் ஒரே சைஸில் செருப்பு தைத்து வைத்ததுபோல எல்லாருக்கும் அதே பைதான். அந்தப் பையில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் அதை மாற்றுவதும் உங்கள் கையில் இருக்கிறது, அதனால் உங்களிடமே நேராகக் கேட்கிறேன்.

என் மகளுக்கு அல்பினிசம். உடம்பில் நிறமி சரியாக உண்டாகாத பிறவிக் குறைபாடு. தலைமுடியும் இமைமுடியும் வெளுத்திருக்கும், கொஞ்சம் வெயில் பட்டாலே தோல் சிவந்து எரியும். ஊரில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது அதைத்தான். கண்ணுக்குள் என்ன என்று கேட்பவர்கள் குறைவு. விழித்திரையின் நடுவில், நுணுக்கமாகப் பார்ப்பதற்கென்றே ஒரு சிறு குழி இருக்கிறது. இவர்களுக்கு அது முழுதாக உருவாவதில்லை. கருவிழிகள் இரண்டும் தன்னால் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். உள்ளே வரும் வெளிச்சத்தை மட்டுப்படுத்துகிற நிறமியும் இல்லாததால் வெளிச்சம் கடுமையாகக் கூசும். பவர் குறையைக் கண்ணாடி சரி செய்யும், உருவாகாத குழியை எந்தக் கண்ணாடியாலும் உருவாக்க முடியாது. கண்ணாடி போட்ட பிறகும் அவளுக்கு 6/60 என்று வருவது அதனால்தான். மற்றவர்கள் 60 மீட்டரில் நின்று படிக்கிற எழுத்தைப் படிக்க அவள் 6 மீட்டருக்கு வர வேண்டும். ஆனால் ஒன்று, இது வருடத்துக்கு வருடம் முற்றிப்போகிற நோய் இல்லை. இன்றைக்கு இருக்கிற பார்வை பெரும்பாலும் அவள் பெரியவளான பிறகும் அப்படியே இருக்கும். அறுபது வருடம் அவளோடு இருக்கப் போகிற பார்வையைப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுக்காமல், அதை இல்லாததாகவே கணக்கு வைத்தால் எப்படி?

குறைபார்வை வேறு, பார்வையின்மை வேறு என்பதைச் சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், நல்ல கண்ணில் சரியான கண்ணாடி போட்ட பிறகும் பார்வை 6/18-ஐத் தாண்டாமல் 3/60 வரை இருந்தால் அது குறைபார்வை. 3/60-க்கும் கீழே போனால்தான் பார்வையின்மை. எழுத்து தெரிந்தாலும் பார்க்கும் பரப்பு சுருங்கியவர்களுக்கும் அப்படித்தான், 40 பாகைக்குக் கீழே 10 பாகை வரை குறைபார்வை. என் மகளின் அடையாள அட்டையிலும் குறைபார்வை, 40 சதவீதம் என்றே அச்சாகியிருக்கிறது. அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பிரெயில் ஸ்லேட்டை எடுத்துக் கொடுத்தார்கள்.

பிரெயிலைத் தாழ்த்திப் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளி நூறு வருடத்துக்கும் மேலாக எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொடுத்திருக்கிறது. மாலைக்கண்ணில் தொடங்கி, ஓரப் பார்வை சுருங்கிச் சுருங்கி வருகிற விழித்திரை நோய் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பார்வை இருக்கும்போதே பிரெயிலும் கோலும் பழக்குவதுதான் புத்திசாலித்தனம். எனக்குத் தெரிந்த கடற்கரை ஊர்ப் பையன் ஒருவனுக்கு அந்த நோய்தான், பகலில் புத்தகம் படிப்பான், ஆறு மணிக்கு மேல் தன் வீட்டுப் படியே தெரியாது. அவனுக்கு அந்த மடக்குக் கோல் அவசியம் வேண்டும். எது யாருக்கு என்பதைக் கண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

அப்படிக் கண்ணைப் பார்த்து முடிவு செய்தால் எப்படி இருக்கும் என்பதை நாங்கள் திருவனந்தபுரத்தில்தான் பார்த்தோம். இரணியலில் விடியற்காலை ரயில் ஏறி, அங்கே ஒரு கண் மருத்துவமனையின் குறைபார்வைப் பிரிவுக்குப் போனோம். எங்களுக்கு அதைப் பற்றிச் சொன்னது அரசு ஆளும் இல்லை, பள்ளியும் இல்லை, இதே குறைபாடுள்ள இன்னொரு பிள்ளையின் அம்மா. அங்கே கண்ணை அளந்து கருவி தேர்ந்து கொடுக்கிற ஆப்டோமெட்ரிஸ்ட் பெண் முதலில் கேட்ட கேள்வியே எனக்குப் புதிதாக இருந்தது. "மோளே, நீ எதைப் பார்க்கணும்னு ஆசைப்படுற?" என்றார். இவள் யோசிக்கவே இல்லை. "போர்டு. ஸார் சாக்பீஸால எழுதுற சத்தம் எனக்குக் கேக்கும், எழுத்து தெரியாது" என்றாள். எட்டு வருடமாகப் பள்ளிக்கு அனுப்புகிறேன், இந்தச் சத்தத்தை அவள் எனக்குச் சொன்னதே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது நிதானமான வேலை. தூரப் பார்வை, கிட்டப் பார்வை, வெளிறிய எழுத்தையும் கறுத்த எழுத்தையும் எவ்வளவு பிரித்தறிகிறாள் என்பது, வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் படிக்க வைப்பது. அப்புறம் ஒவ்வொரு கருவியாகக் கையில் கொடுத்துப் பார்த்தார். கைப்பிடி லென்ஸ், தாளின்மேல் கவிழ்த்து வைக்கிற அரைக்கோள லென்ஸ், காலில் நிற்கிற லென்ஸ். 20 டயாப்டர் (லென்ஸின் பவரை அளக்கிற அலகு) லென்ஸை எழுத்திலிருந்து 5 சென்டிமீட்டரில் பிடித்தால்தான் தெளிவாகத் தெரியும், கொஞ்சம் தள்ளிப்போனாலும் எழுத்து கலைந்துவிடும், அதனால் கையை எங்கே ஊன்றிக்கொள்வது, கண்ணை எவ்வளவு கிட்டே கொண்டுபோவது, வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கத்துக்கு எப்படித் திரும்புவது என்று ஒவ்வொன்றும் பழக்க வேண்டியிருந்தது. கடைசியில் அவளுக்குப் பிடித்தது அந்த அரைக்கோள லென்ஸ். தாளின்மேலேயே உட்கார்ந்துகொள்ளும், கை நடுங்கினாலும் பாதகமில்லை, சுற்றியிருக்கும் வெளிச்சத்தையும் அதுவே எழுத்தின்மேல் குவித்துக் கொடுக்கும்.

தொலைநோக்கி கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். நான்கு மடங்கு பெரிதாக்கும். 6/60 உள்ள கண் அதன் வழியே பார்த்தால் ஏறக்குறைய 6/15 அளவுக்குப் படிக்கும். ஆனால் அதில் தெரிகிற வட்டம் சின்னது, போர்டு முழுவதும் ஒரே பார்வையில் வராது. முதலில் வெறும் கண்ணால் போர்டின் ஓரத்தைக் கண்டுபிடி, தலையை அசைக்காதே, இப்போது தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டு வா, வளையத்தைத் திருப்பித் தெளிவாக்கு, இடது ஓரத்திலிருந்து மெதுவாக நகர்த்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பழக்கினார். அவள் முதன்முதலாகப் படித்தது ஜன்னலுக்கு வெளியே சாலைக்கு எதிரில் இருந்த ஒரு மருந்துக்கடையின் பெயர்ப் பலகையை. எழுத்தெழுத்தாக, மெதுவாகப் படித்தாள். மலையாளம் அவளுக்கு வராது, கீழே ஆங்கிலத்தில் இருந்ததைத்தான் படித்தாள், நடுவில் ஒரு எழுத்தைத் தாண்டிவிட்டுத் திரும்பப் போய்ப் பிடித்தாள்.

இந்தக் கருவிகளின் விலை சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை. பெரிய இயந்திரமோ அறுவை அரங்கமோ இதற்குத் தேவையில்லை. வேண்டியது ஒரு சோதனைப் பெட்டி, அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவர், ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரம்.

சரி, கருவி வந்துவிட்டது, வகுப்பில் என்ன ஆனது? முதல் வாரத்திலேயே ஒரு ஆசிரியர் அதைப் பிடுங்கி மேசை டிராயரில் வைத்துவிட்டார். வகுப்பில் விளையாட்டுச் சாமான் எதற்கு, மற்ற பிள்ளைகள் கவனம் கலைகிறது என்றார். நான் போய் மருத்துவமனைச் சீட்டைக் காட்டி விளக்கியதும் திருப்பிக் கொடுத்தார், அவரைத் தப்பு சொல்லவும் முடியாது, இப்படி ஒரு பொருள் உண்டு என்று அவருக்கு யாருமே சொல்லித் தந்ததில்லை. ஆனால் அதற்குள் பிள்ளை கூனிப்போய்விட்டாள். சில நாள் அதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இன்னொரு ஆசிரியை செய்ததைச் சொல்ல வேண்டும். வகுப்பில் உள்ள எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு தடவை அதன் வழியாகப் பார்க்கக் கொடுத்தார். அதோடு கேலி முடிந்தது. அதே ஆசிரியை போர்டில் எழுதும்போது ஒவ்வொரு வரியையும் வாயால் சொல்லிக்கொண்டே எழுதுவார். இதற்கு எந்த நிதியும் தேவைப்படவில்லை, யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை.

அவள் தலையை வலப்பக்கம் திருப்பி, கண்ணை இடப்பக்கம் ஓட்டிப் பார்ப்பாள். அந்தக் கோணத்தில்தான் கருவிழி ஆட்டம் அவளுக்குக் குறைகிறது, அப்போதுதான் எழுத்து நிற்கிறது. "எட்டி, நேரா பாரு" என்று எத்தனை பேர் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பியிருக்கிறார்கள். முன் பெஞ்சில் உட்கார வைத்தோமே என்கிறார்கள், உண்மைதான், ஆனால் நடு பெஞ்சில். வகுப்பின் வலது ஓரத்தில் உட்கார வைத்தால் போர்டு தானாகவே அவளுக்கு இடப்பக்கம் வந்துவிடும், கழுத்து வலிக்காது. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்கிற இடத்தில் உட்கார வைத்தால் எத்தனையாவது பெஞ்சாக இருந்தாலும் பிரயோஜனம் கிடையாது. மைதானத்தில் தொப்பி போட வேண்டும், பழுப்பு நிறக் கண்ணாடி போட வேண்டும். யூனிஃபார்மில் தொப்பி இல்லை என்று பிரேயரில் கழற்றச் சொல்கிறார்கள், நம் மாவட்டத்து வெயிலில், மண்ணில் பட்டுத் திரும்பி அடிக்கிற அந்த வெளிச்சத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்கிறாள்.

புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால் இருக்கிற கண்ணும் கெட்டுவிடும் என்று சொல்லாதவர்கள் இல்லை. ஆசிரியர்கள் சொல்கிறார்கள், உறவுக்காரர்கள் சொல்கிறார்கள், ஒரு மருந்துக்கடைக்காரர்கூடச் சொன்னார். கெடாது. 30 சென்டிமீட்டரில் இருக்கிற எழுத்தை 10 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் அது விழித்திரையில் மூன்று மடங்கு பெரிதாக விழும், அவ்வளவுதான் அதில் இருக்கிற சங்கதி. கண் களைக்கும், முதுகு வலிக்கும், அதற்குச் சாய்வான ஒரு மரப் பலகை போதும், எங்கள் ஊர் ஆசாரி மீந்த பலகையில் அடித்துக் கொடுத்தார்.

அவள் நோட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், பிள்ளை எதைத் தவறவிடுகிறாள் என்று தெரியும். முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. போர்டில் 'கல்' என்று இருந்தது நோட்டில் 'கல' என்று இருக்கும். 'மின்' எது, 'மீன்' எது என்பது அந்தச் சின்னச் சுழியில் இருக்கிறது, நாலு அடி தூரத்தில் அவளுக்கு இரண்டும் ஒன்று. ணகரத்துக்கும் னகரத்துக்கும் சுழிக் கணக்கு குழம்பும். கணக்கில் தசமப் புள்ளி போய்விடும், கழித்தல் குறி போய்விடும், எண்ணின் தலையில் சின்னதாக எழுதுகிற அடுக்கு போய்விடும். வழியெல்லாம் சரியாக இருக்கும், கேள்வியை எடுத்து எழுதியது தப்பாக இருக்கும், விடையில் சிவப்பு மை. எழுத்துப்பிழை அதிகம், வாசிப்பில் பின்தங்கியவர் என்று அவளுடைய பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். வாயால் கேட்டுப் பாருங்கள், ஒரு எழுத்து பிசகாமல் சொல்வாள்.

பரீட்சை இன்னும் மோசம். பள்ளித் தேர்வின் கேள்வித்தாள் வெளிறிய அச்சில், ஒன்பது பாயின்ட் எழுத்தில் வரும். சொல்வதை எழுதுபவர் ஒருவரை வைத்துத் தருகிறோம் என்கிறார்கள். அந்தச் சலுகை தேவைப்படுகிற பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி, ஆனால் தானே எழுதுகிற பிள்ளைக்கு எதற்கு இன்னொருவர் கை? அவளுக்கு வேண்டியது பெரிய எழுத்துக் கேள்வித்தாளும், கூடுதல் நேரமும், மேசைமேல் லென்ஸை வைத்துக்கொள்ள அனுமதியும். ஏ4 தாளை ஜெராக்ஸ் கடையில் ஏ3-யாகப் பெரிதாக்கினால் எழுத்து 141 சதவீதம் ஆகும், 12 பாயின்ட் எழுத்து கிட்டத்தட்ட 17 பாயின்ட் ஆகிவிடும். சில ரூபாய்ச் செலவு. பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் பி.டி.எஃப். ஆகவே இணையத்தில் கிடக்கின்றன, டேப்லெட்டில் விரலால் விரித்துப் படிக்கலாம், போர்டைப் போட்டோ எடுத்தும் விரித்துப் பார்க்கலாம். ஆனால் வகுப்புக்குள் போன் கூடாது என்கிற பொது விதி இந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே போடப்பட்டிருக்கிறது.

என் பிள்ளை ஒருத்தியின் கதை மட்டும் இது என்றால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். பிறவிக் கண்புரைக்கு அறுவை செய்து, தடித்த கண்ணாடி போட்ட ஒரு பையனைத் தெரியும், அவனுடைய அம்மா முந்திரி ஆலையில் பருப்பு உடைக்கிறார், ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி இல்லை, திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ அவர் எத்தனை தடவை போவார்? விழித்திரையின் நடுப்பகுதி மட்டும் பழுதாகி, எதிரில் இருப்பவர் முகம் தெரியாமல் ஓரக்கண்ணால் பார்க்கிற ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள், மரியாதை இல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று அவளுக்குப் பெயர். எங்கள் வட்டாரத்தில் நாங்கள் சில பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்தோம், வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறோம். எந்தப் பதிவேட்டிலிருந்தும் இந்த விவரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பள்ளிகளில் கண் பரிசோதனை நடக்காமல் இல்லை. கண்ணொளி காப்போம் திட்டம் இருக்கிறது, 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிக்கே வருகிறது. அந்தப் பரிசோதனையில் கண்ணாடி போட்டால் சரியாகிற பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கிடைத்துவிடுகிறது, அது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கண்ணாடி போட்டும் எழுத்து தெரியாத பிள்ளையின் பெயருக்கு நேரே மேல்பரிசோதனை என்று எழுதுகிறார்கள். அந்த மேல்பரிசோதனைக்குப் போனால் மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லை, சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். சான்றிதழோடு முகாமுக்குப் போனால் பிரெயில் ஸ்லேட். நடுவில் ஒரு படி முழுசாக இல்லை. இருக்கிற பார்வையை அளந்து, அதற்கேற்ற கருவி கொடுத்து, பழக்கிவிடுகிற படி அது.

இது நாங்கள் கேட்கிற சலுகையும் இல்லை. அதே 2016 சட்டத்தின் 17-ஆவது பிரிவில், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள மாணவர்களுக்குப் புத்தகங்களும் பொருத்தமான உதவிக் கருவிகளும் 18 வயது வரை இலவசமாகத் தர வேண்டும் என்று இருக்கிறது. பொருத்தமான என்று போட்டிருக்கிறார்கள், பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமல் பொருத்தமானது எது என்று எப்படித் தெரியும்? தேர்வு முறையைப் பிள்ளைக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுத்து, குறைபாடுள்ள பிள்ளைகள் யார், அவர்களுக்கு என்ன தேவை, அந்தத் தேவை எந்த அளவுக்கு நிறைவேறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது நம் மாவட்டம், மேடைதோறும் அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எழுத்தைப் படிக்க முடிகிற பிள்ளையை எழுத்திலிருந்து விலக்கி அனுப்புகிற காரியம் இந்த மாவட்டத்தில் நடக்கக் கூடாது.

நாங்கள் மனு கொடுத்தோம், ரசீது வந்தது, பதில் வரவில்லை. ஆகவே எல்லாரும் பார்க்கும்படி எழுதிக் கேட்கிறேன்.

முதலாவது, என் மகளின் படிவத்தில் உள்ள அந்தப் பரிந்துரையை எழுத்து மூலமாகத் திரும்பப் பெறுங்கள். அவள் இப்போது படிக்கிற பள்ளியிலேயே தொடர்ந்து படிப்பாள் என்று பள்ளிக்கும் எழுதுங்கள். இதே மாதிரிப் பரிந்துரை வேறு பிள்ளைகளுக்கும் போயிருந்தால் அவர்களையும் முறையாகப் பரிசோதித்த பிறகே எதையும் முடிவு செய்யுங்கள்.

அடுத்தது, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குறைபார்வை உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கென்று குறித்த நாள் ஒன்று ஒதுக்கி, பயிற்சி பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவரையும் எல்லா வகை லென்ஸும் தொலைநோக்கியும் அடங்கிய சோதனைப் பெட்டி ஒன்றையும் அங்கே வையுங்கள். அந்த நாளை ஒவ்வொரு பள்ளிக்கும் தெரிவியுங்கள். ஒரு தடவை கருவியைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு முடிக்காமல், பழக்குவதற்கும், பிள்ளை வளர வளர மாற்றுவதற்கும் திரும்ப வரச் சொல்லுங்கள். மேல்புறம், முஞ்சிறை போன்ற தூர ஊர்களிலிருந்து கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களுக்குப் பயணப்படி கொடுங்கள். முகாம்களில் கண்ணை அளக்காமல் யாருக்கும் எதுவும் வழங்காதீர்கள், வழங்கும் பட்டியலில் உருப்பெருக்கி, கைத் தொலைநோக்கி, கூசாத கண்ணாடி, சாய்வுப் பலகை, தடித்த கோடு போட்ட நோட்டு எல்லாவற்றையும் சேருங்கள்.

மாவட்டத்தின் 9 வட்டார வள மையங்களிலும் இருக்கும் சிறப்பாசிரியர்களுக்குக் குறைபார்வைப் பயிற்சி கொடுங்கள். அவர்களில் பலர் மனசார உழைக்கிறவர்கள், பல பள்ளிகளுக்கு அலைகிறார்கள், பிரெயில் சொல்லிக் கொடுத்த அளவுக்கு இதை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பள்ளிகளுக்கு ஒரே ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். தொலைநோக்கி, லென்ஸ், தொப்பி, நிறக்கண்ணாடி, போர்டைப் படம் பிடிக்க டேப்லெட், இவற்றை வகுப்பில் அனுமதிக்க வேண்டும். பிள்ளைக்கு எங்கே உட்கார்ந்தால் தெரிகிறது என்று பிள்ளையையே கேட்டு உட்கார வைக்க வேண்டும். போர்டில் எழுதுவதை வாயால் சொல்லி எழுத வேண்டும். பள்ளித் தேர்வுகளில் பெரிய எழுத்துக் கேள்வித்தாளும் கூடுதல் நேரமும் தர வேண்டும், எழுதுபவர் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் முடிவு செய்ய வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலும் இதையெல்லாம் பெற, இப்போதே அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் பரிந்துரை அனுப்புங்கள், என் மகளுக்கு அதற்கு இரண்டு வருடம்தான் இருக்கிறது.

கடைசியாக, இந்த மாவட்டத்தில் குறைபார்வையோடு பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குக் கருவி கிடைத்தது, பிரெயில் பை வாங்கிக்கொண்டு அச்சில் படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை, பெயர்களை விட்டுவிட்டு, வட்டாரவாரியாக வெளியிடுங்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் இவற்றில் எதைச் செய்யப் போகிறீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று எழுத்தில் பதில் கொடுங்கள். நேரில் பேசலாம் என்றால் பெற்றோர்கள் வருகிறோம், பிள்ளைகளையும் அவர்களுடைய கருவிகளோடு கூட்டிக்கொண்டு வருகிறோம், தேதியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
கல்குளம் வட்டம்.